பாட்டில் ஏத்தச் சொல்றதுக்கு முன்னாடி

ஊர்ல இருக்கிற அம்மாவுக்குக் காய்ச்சல், வயித்துப்போக்குன்னு சேதி போனதும், சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கிற பிள்ளைகள் சொல்ற முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான்: "யாரையாவது கூட்டிட்டுப் போய் ஒரு பாட்டில் ஏத்திடச் சொல்லுங்க, பணத்தை நான் போட்டு விட்டுர்றேன்." அக்கறையில சொல்றதுதான், நான் குறை சொல்லல. ஆனா அந்த ஒரு வார்த்தை இங்க ஊருக்குள்ள என்ன வேலை செய்யுதுன்னு பக்கத்துல இருந்து பார்க்கிறவன் நான். அதனால இந்த வாரம் விவசாயத்தைக் கொஞ்சம் ஓரமா வச்சிட்டு இதை எழுதுறேன்.

சொல்ல வர்றதை முதல்லயே சொல்லிடுறேன். காய்ச்சல்லயோ வயித்துப்போக்குலயோ படுத்திருக்கிற பெரும்பாலானவங்களுக்கு வேண்டியது வாய் வழியாப் போற தண்ணியும், அதைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக் கொடுக்க ஒரு ஆளும்தான். அந்த ஆள் இல்லாத குறையைத்தான் நாம பாட்டிலை வச்சு மூடப் பார்க்கிறோம்.

பாட்டிலுக்குள்ள என்ன இருக்கு?

பூச்சி மருந்து வாங்கினா டப்பாவைத் திருப்பி என்ன மருந்து, எத்தனை சதவீதம்னு பார்க்கிறது எங்க பழக்கம். அதே மாதிரி குளுக்கோஸ் பாட்டில் லேபிளையும் படிச்சுப் பார்க்கலாம், எல்லாம் அதுலயே போட்டிருக்கும். வழக்கமா ஏத்துற பாட்டில்ல 5 சதவீதம் டெக்ஸ்ட்ரோஸ், 0.9 சதவீதம் சோடியம் குளோரைடு. டெக்ஸ்ட்ரோஸ்னா குளுக்கோஸ் சர்க்கரை. சோடியம் குளோரைடுன்னா சாப்பாட்டு உப்பு. அரை லிட்டர் பாட்டிலுக்குக் கணக்குப் போட்டா 25 கிராம் சர்க்கரை, நாலரை கிராம் உப்பு, மீதி எல்லாம் சுத்தமான தண்ணி. அவ்வளவுதான். அதுல இருக்கிற சத்து ரெண்டு இட்லியில கிடைக்கிற அளவுதான் வரும்.

"மஞ்ச பாட்டில் ஏத்துனாத்தான் தெம்பு வரும்"னு எங்க பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. விட்டமின் ஊசியை அதுல கலந்தா தண்ணி மஞ்சளாகுது. அந்த நிறத்துக்குத்தான் இவ்வளவு மரியாதை.

"அப்ப பாட்டில் ஏத்தினதும் எழுந்து உட்கார்றாங்களே, அது எப்படி?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. உடம்புல நீர் வத்திக் கிடந்தவங்களுக்கு அரை லிட்டர் தண்ணி உள்ள போனா தெளிச்சி வரத்தான் செய்யும். கூடவே காய்ச்சலுக்கு ஒரு ஊசியும் போட்டிருப்பாங்க. இன்னொண்ணையும் யாரும் கணக்குல சேர்க்கிறதில்லை. பாட்டில் இறங்கி முடியற வரைக்கும் ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் பக்கத்துல ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும். அந்த ஆள் அதே நேரம் வீட்டுல உட்கார்ந்து ஒரு டம்ளர் உப்புக் கஞ்சியைக் கொடுத்திருந்தா, பாதிப் பேரு கிளினிக் படியே ஏறியிருக்க மாட்டாங்க.

பாட்டிலுக்கும் ஊசிக்கும் போக வர ஆட்டோவுக்கும் சேர்த்து, நடவு வேலைக்குப் போற பொம்பளையோட ரெண்டு மூணு நாள் கூலி போயிடுது. பணம் போனாக்கூடப் பரவாயில்லைங்கலாம். வயசானவங்களுக்கு நரம்பு கிடைக்காமக் குத்திக் குத்தி கை வீங்கிப் போகுது. சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்குச் சர்க்கரைத் தண்ணி நேரா ரத்தத்துல ஏறுது. இதயம் பலவீனமா இருக்கிறவங்களுக்கு வேகமா ஏத்தினா நுரையீரல்ல நீர் கோத்துக்கவும் வாய்ப்பு இருக்கு. வாயால குடிக்க முடியற ஒருத்தருக்கு எதுக்கு இந்த ஆபத்து? வேர் நல்லா இருக்கிற செடி வாடினா நாங்க வேருக்குத்தான் தண்ணி விடுவோம். தண்டைக் குத்திட்டு இருக்க மாட்டோம்.

கிழவி ஏன் தண்ணி குடிக்கல?

எங்க பக்கத்துல ரொம்ப நாளா இருந்த ஒரு பழக்கம், வயிறு போகுதுன்னா தண்ணியை நிறுத்துறது. "குடிக்கக் குடிக்கப் போகுது, கொடுக்காதே"ன்னு பெரியவங்க சொல்லுவாங்க. பார்க்கிறதுக்குச் சரி மாதிரிதான் இருக்கும். ஆனா குடிக்காட்டியும் போறது போயிட்டேதான் இருக்கும், உடம்புல இருக்கிற நீர்தான் தீரும். வயித்துப்போக்குல செத்துப்போற குழந்தைகள்ல பெரும்பாலானதோட உயிரை எடுக்கிறது இந்த நீர்வற்றல்தான். "லங்கணம் பரம ஔஷதம்"னு சொல்லுவாங்களே, அந்தப் பட்டினி எல்லாம் சோத்துக்கு வேணா பொருந்தலாம். தண்ணிக்கு எந்தக் காலத்துலயும் பொருந்தாது.

அதே பெரியவங்க கிட்ட நல்ல பழக்கமும் இருந்துச்சு. காய்ச்சல்னா நொய்க் கஞ்சி, வயித்துக்கு உப்பு போட்ட மோர், வடிகஞ்சி. உப்பு சேர்த்த அரிசிக் கஞ்சித் தண்ணியும் மோரும் வயித்துப்போக்குக்கு வீட்டுல கொடுக்கக்கூடிய நல்ல பானங்கள்னு உலக சுகாதார நிறுவனமும் ஏத்துக்கிட்டிருக்கு. ஆக, பழசு எல்லாம் தப்பும் இல்ல, பழசு எல்லாம் சரியும் இல்ல. பிரிச்சுப் பார்க்கணும்.

இப்ப தண்ணி கொடுக்கக் கூடாதுங்கிற பேச்சு ஓரளவு குறைஞ்சு போச்சு. இருந்தும் வயசானவங்க வாடித்தான் கிடக்கிறாங்க. காரணம் வேற.

வயசாக ஆக தாகமே சரியாத் தெரியாது. உடம்புக்குத் தண்ணி வேணும், ஆனா நாக்கு கேக்காது. இது ஒண்ணு. இதைவிடப் பெரிய காரணத்தைச் சொல்றேன். எங்க அப்பத்தா வயசுப் பொம்பளைகள் கிட்ட, "ஏன் ஆத்தா, செம்புத் தண்ணி அப்படியே இருக்கு?"ன்னு கேட்டா நேரா பதில் வராது. "வேணாம்ப்பா, தாகமில்ல"ம்பாங்க. இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தா, "குடிச்சா ராத்திரி ஒண்ணுக்கு வரும், யாரைப் போய் எழுப்புறது"ன்னு மெதுவா வரும். கக்கூஸ் வீட்டுக்குப் பின்னாடி இருக்கும். போற வழியில வெளிச்சம் இருக்காது. ரெண்டு படி இறங்கணும். விழுந்து இடுப்பு ஒடிஞ்சா இன்னும் பாரமாயிடுவோமேன்னு பயம். மருமகளை எழுப்பக் கூச்சம். வீட்டுல தனியா இருக்கிறவங்களுக்கு எழுப்ப ஆளே கிடையாது. அதனால சாயங்காலத்துலருந்தே தண்ணியை நிறுத்திடுறாங்க. நல்லா இருக்கிறப்போ இதை எப்படியோ சமாளிச்சிக்கலாம். காய்ச்சலோ பேதியோ வந்தா ஒரே ராத்திரியில கண்ணு குழிவிழுந்து போகும்.

நடவுக்கும் களை எடுக்கவும் போற பொம்பளைகள் கதையும் இதேதான். வயக்காட்டுல ஒதுங்க இடம் கிடையாது, அதனால காலையிலருந்து தண்ணி குடிக்க மாட்டாங்க. நீர்க்கடுப்பு, காய்ச்சல்னு வந்து படுத்ததும் எல்லாரும் சொல்றது, "ஒரு பாட்டில் ஏத்து." பாட்டில் ஏத்தினா கக்கூஸ் வந்துடுமா?

டிரம்முல கரைச்ச மருந்து

1971-ல வங்கதேசப் போர் சமயத்துல லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்கு வந்தாங்க. போங்கான்ங்கிற ஊர்ல இருந்த முகாம்ல காலரா பரவுச்சு. அங்க வேலை பார்த்தவர் திலீப் மகலனாபிஸ்ங்கிற டாக்டர். ஆஸ்பத்திரித் தரை முழுக்க நோயாளிகள், ஏத்துறதுக்கு சலைன் பாட்டில் தீர்ந்துக்கிட்டே வருது. அவர் சாப்பாட்டு உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூணையும் அளவாத் தண்ணியில கரைச்சு டிரம்முல நிரப்பி வச்சார். நோயாளிகளோட சொந்தக்காரங்களையே பிடிச்சு மோந்து கொடுக்கச் சொன்னார். அதுவரை நூத்துக்கு சுமார் 30 பேர் செத்துக்கிட்டிருந்த இடத்துல, சாவு நூத்துக்கு 4-க்கும் கீழே இறங்குச்சு. 2022-ல அவர் காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தாங்க.

இந்தக் கதையில எல்லாரும் டிரம்மைத்தான் பாராட்டுவாங்க. எனக்குப் பெரிசாத் தெரியறது பக்கத்துல உட்கார்ந்து குடிக்க வச்ச அந்தச் சொந்தக்காரங்கதான். அம்மா, அண்ணன், அக்கம்பக்கத்து ஆளுங்க. டாக்டரும் நர்சும் அத்தனை பேருக்கும் போதாது. வேலையைச் செஞ்சது வீட்டு ஆளுங்க கை.

பிறகு வங்கதேசத்துல பிராக்ங்கிற தொண்டு நிறுவனம் 1980-லருந்து பத்து வருஷம் வீடு வீடாப் போய், ஒரு கோடிக்கும் மேலான வீடுகள்ல தாய்மாருக்கு இந்தக் கரைசலைச் செய்யக் கத்துக் கொடுத்துச்சு. மூணு விரல்ல அள்ளுற சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணி. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் விரலே அளவு. கத்துக் கொடுக்கப் போன பொண்ணுங்களுக்குச் சம்பளம், எத்தனை வீடு போனாங்கங்கிற கணக்குல இல்ல. அந்தத் தாய்மார் எவ்வளவு ஞாபகம் வச்சிருந்தாங்கங்கிறதை வச்சுத்தான். நம்ம ஊர்ல கூட்டம் போட்டு கை தட்டிக் கலையற முகாம்களை நினைச்சா எனக்குப் பொறாமையா இருக்கு.

உப்பும் சர்க்கரையும் ஏன் சேர்ந்து போகணும்? கிணத்து மோட்டார் மூணு ஃபேஸும் வந்தாத்தான் ஓடும். அது மாதிரி குடலுக்குள்ள உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தாத்தான் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு உள்ள போகும், பின்னாடியே தண்ணியும் போகும். காலரா மாதிரி கடுமையான பேதியிலகூட இந்த வழி அடைபடுறதில்லை. வெறும் தண்ணியையே குடிச்சிட்டிருந்தா, போன உப்பு திரும்பாது. சர்க்கரை அதிகமானா அது குடலுக்குள்ள தண்ணியை இழுத்து, பேதியை இன்னும் கூட்டும். அதனாலதான் கலர் சோடாவும் பாக்கெட் ஜூஸும் வயித்துப்போக்குக்கு ஆகாது.

வீட்டுல எப்படிச் செய்யறது?

முதல் வழி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மாவே கொடுப்பாங்க. மருந்துக்கடையில வாங்கினாலும் பெரிய விலை இல்ல. பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. எவ்வளவு தண்ணின்னு உறையிலயே போட்டிருக்கும், அந்த அளவுலயே கரைக்கணும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரே டம்ளர்ல கொட்டிக் கலக்கிக் கொடுக்கிற வீடுகள் உண்டு. அது உப்பு கூடிப்போய்க் கெடுதல்தான் பண்ணும். பாதிப் பொட்டலம், கால் பொட்டலம்னு பிரிக்கவும் கூடாது. கரைச்சதை 24 மணி நேரத்துக்குள்ள குடிச்சிடணும், மிச்சத்தைக் கொட்டிடணும்.

பொட்டலம் கைவசம் இல்லாத ராத்திரிக்கு, கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி ஒரு லிட்டர், தலை தட்டின டீஸ்பூன்ல சர்க்கரை 6, உப்பு அரை. உப்பை மட்டும் கையளவா அள்ளிப் போடாதீங்க.

கொடுக்கிற விதம்தான் முக்கியம். ஒவ்வொரு தடவை போனதுக்கு அப்புறமும் ரெண்டு வயசுக்குக் கீழ 50-லருந்து 100 மில்லி, பத்து வயசு வரைக்கும் 100-லருந்து 200 மில்லி, பெரியவங்களுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு. வாந்தி எடுத்தா "நிக்கலையே"ன்னு விட்டுடாதீங்க. பத்து நிமிஷம் பொறுத்து, ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூனா மறுபடி ஆரம்பிங்க. தாய்ப்பாலை எந்தக் காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது. ஆறு மாசத்துக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்கு வெறும் தண்ணி கொடுக்காதீங்க. தாய்ப்பாலோட மருத்துவர் சொல்ற அளவுக்குக் கரைசல் மட்டும்தான். குழந்தைகளுக்கு 14 நாள் ஜிங்க் மாத்திரையும் உண்டு, நர்சம்மாகிட்ட கேட்டு வாங்குங்க.

கடையில டப்பாவுல விக்கிற ஆரஞ்சு பானங்களைப் பார்த்து ஏமாந்துட வேணாம். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடினதுல, முறையான அளவுல இல்லாத பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.'ங்கிற பேரைப் போடக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டுச்சு.

இளநீரைப் பத்தி ஒரு வார்த்தை. தென்னை வச்சிருக்கிறவன் சொல்றேன், இளநீர் நல்லதுதான். ஆனா அதுல பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. பேதியில ரெண்டுமே போகுது, சோடியம்தான் நிறையப் போகுது. அதனால இளநீர் ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு மாற்று இல்ல, துணை. சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்களுக்கு அந்தப் பொட்டாசியமே ஆபத்து. ஆஸ்பத்திரியில பார்க்கப் போறப்போ கேக்காமக் கொள்ளாம ரெண்டு இளநீரை வெட்டிட்டுப் போகாதீங்க. சிறுநீரகம், இதயத்துக்கு மருந்து சாப்பிடுறவங்க தண்ணியோட அளவையும் டாக்டர்கிட்ட கேட்டுத்தான் வச்சுக்கணும். நீர் பிரியற மாத்திரை சாப்பிடுறவங்க, பேதியான நாள்ல அதைச் சாப்பிடலாமான்னு கேட்டுக்கணும்.

எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

பாட்டிலே வேணாம்னு நான் சொல்லல. பாட்டில்தான் உயிரைக் காப்பாத்தும்ங்கிற நேரம் உண்டு. எதைக் கொடுத்தாலும் வாந்தியாவே வெளிய வருது, மயக்கமா கிடக்கிறாங்க, குழந்தை குடிக்கக்கூட முழிக்காமத் துவண்டு கிடக்கு, கண்ணு குழி விழுந்திருக்கு, தோலைக் கிள்ளி விட்டா மெதுவாத் திரும்புது, ஆறு மணி நேரத்துக்கு மேல ஒண்ணுக்குப் போகல, மலத்துல ரத்தம் வருது — இதுல எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடணும். டெங்குக் காய்ச்சல்ல காய்ச்சல் இறங்குற நாள்லதான் கவனம் வேணும். அப்ப கடுமையான வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம்னு தெரிஞ்சா காத்திருக்கவே கூடாது. அங்க எவ்வளவு ஏத்தணும்னு ஆஸ்பத்திரி டாக்டர் அளந்து முடிவு பண்ணட்டும். தெருமுனையில கேட்டு வாங்கி ஏத்திக்கிற பாட்டிலைத்தான் நான் வேணாங்கிறேன்.

பட்டணத்துப் பிள்ளைகளுக்கு

கூடவே வந்து இருங்கன்னு சொல்ற உரிமை எனக்கு இல்ல. உங்க பொழப்பு அங்க. எங்க நிலம் எல்லாருக்கும் சோறு போட்டிருந்தா நீங்க போயிருக்கவே மாட்டீங்க. ஆனா போன்ல கேக்கிற கேள்வியை மாத்தலாம். "பாட்டில் ஏத்தியாச்சா?"ன்னு கேக்காதீங்க. "காலையிலருந்து எத்தனை டம்ளர் குடிச்சே? கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனே? என்ன நிறத்துல போச்சு?"ன்னு கேளுங்க. வெளிர் மஞ்சள்னா நல்லது. டீத்தண்ணி மாதிரின்னா பத்தாது. மூணு மணி நேரம் கழிச்சு மறுபடி கூப்பிடுங்க. மகன் கேக்கிறான்னா அம்மா ரெண்டு மடக்கு சேர்த்தே குடிப்பாங்க. இதுக்குச் செலவே கிடையாது.

பாட்டிலுக்குப் போடுற பணத்தை, பக்கத்து வீட்டுல கூட இருந்து கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிற பொம்பளைக்குப் போடுங்க. ரெண்டு நாள் அவங்க வேலைக்குப் போகாம உட்கார்ந்தா அவங்க கூலி போகுதுல்ல? உதவின்னு நினைச்சு அவங்க வாய் திறந்து கேக்க மாட்டாங்க. நீங்களாப் பார்த்துக் கொடுக்கணும்.

அடுத்து பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ ஊருக்கு வர்றப்போ, புதுப் புடவையோட சில வேலைகளையும் செஞ்சு கொடுத்துட்டுப் போங்க. கட்டில்லருந்து கக்கூஸ் வரைக்கும் ராத்திரி எரியற மாதிரி ஒரு லைட். படி இறங்குற இடத்துல பிடிச்சுக்க ஒரு கம்பி. குத்த வைக்க முடியாதவங்களுக்கு உட்கார்ற மாதிரி ஒரு சேர். தலைமாட்டுல அவங்க கையால தூக்க முடியற அளவுக்கு ஒரு சின்ன செம்பு, பெரிய குடம் வேணாம். அலமாரியில நாலு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், எத்தனை டம்ளர் தண்ணியில கரைக்கணும்னு உறை மேல பெரிய எழுத்துல தமிழ்ல எழுதி.

போறதுக்கு முந்தின ராத்திரி நீங்களே ஒருதடவை கட்டில்லருந்து எழுந்து, இருட்டுல அந்த வழியா நடந்து பாருங்க. எங்க தடுக்குது, எங்க வழுக்குதுன்னு தெரிஞ்சிடும். அதைச் சரி பண்ணிட்டுக் கிளம்புங்க.